மிஞ்சின மீன்குஞ்சை ஏரியில் விடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன கிழமை உங்கள் பத்திரிகையின் கோடைகாலப் பக்கத்தில் தூண்டில் போடுவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் ஆசையோடுதான் எழுதியிருக்கிறார், எந்த மீனுக்கு என்ன தடிப்புத் தங்கூசி, காலையில் எங்கே போட வேண்டும், பின்னேரம் எங்கே போட வேண்டும் என்று அனுபவப்பட்ட ஆள் மாதிரிச் சொல்கிறார், அதில் குறை இல்லை. ஆனால் கடைசிப் பந்தியில் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ஒன்று, அமெரிக்கப் பக்கம் போய்வருகிறவர்கள் தூண்டில் இரைக்கான உயிர் மீன்குஞ்சை அங்கேயே மலிவாக வாங்கி வாளியில் கொண்டுவரலாம் என்பது. மற்றது, மிஞ்சின குஞ்சுகளைக் குப்பையில் கொட்டாமல், பாவம் பார்த்து, அந்தத் தண்ணீரோடேயே ஏரியில் விட்டுவிடலாம் என்பது.

இரண்டுமே நாங்கள் இருக்கிற கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் சட்டப்படி குற்றம். முதலாவதைச் செய்தால் பெரும்பாலும் எல்லையிலேயே பிடிபடுவீர்கள், நட்டம் ஒரு வாளி மீனோடு போகலாம். இரண்டாவதைச் செய்தால் ஒருவரும் பிடிக்க மாட்டார்கள், அதனால்தான் எனக்கு அதுவே பெரிய கவலை.

குற்றம் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், இருபது வருசத்துக்குக் கிட்ட நானே அதைச் செய்திருக்கிறேன். சிம்கோ ஏரிக்குப் பனிக்காலத்தில் பேர்ச் பிடிக்கப் போவோம். ஸ்காபரோவிலிருந்து ஒரு மணித்தியாலம்தான், ஏரி உறைந்துவிட்டால் மேலே கொட்டில் போட்டு, துளை போட்டு, உள்ளே இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு தூண்டில் போடுகிற சுகம் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். இரைக்கு இரண்டு டசின் குஞ்சு வாங்குவோம், பாதி மிஞ்சும். பின்னேரம் வெளிக்கிடும்போது மனைவி வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "பாவமப்பா, உயிரோட நிக்குதுகள், துளைக்குள்ள விட்டுவிடுங்கோ" என்பார். நானும் கவிழ்த்து ஊற்றிவிட்டு, நாள் முழுக்க மீன் கொன்ற பாவத்தில் கொஞ்சம் கழிந்தது என்ற நிம்மதியோடு வீட்டுக்கு வருவேன். எங்கள் ஆட்களில் பலர் இன்றைக்கும் இப்படித்தான் செய்கிறார்கள், கெட்ட எண்ணத்தில் அல்ல, இரக்கத்தில். கட்டுரை எழுதியவரும் அந்த இரக்கத்தில்தான் எழுதியிருப்பார்.

முதலில் எல்லை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவுக்குள் இரைக்கென்று உயிர் மீன், அட்டை, இறால் மாதிரியான கிரேபிஷ், பல்லி மாதிரியான சலமண்டர் எதையும் வெளியிலிருந்து கொண்டுவர முடியாது. வெளியிலிருந்து என்றால் அமெரிக்காவிலிருந்து மட்டுமல்ல, பக்கத்து மாகாணத்திலிருந்தும் சேர்த்துத்தான். எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும், கடையில் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் ஒன்றுதான்.

என் மச்சான் அந்தப் பக்கம் இருக்கிறார். சில வருசத்துக்கு முந்தி ஒரு கோடையில் எங்களோடு மீன்பிடிக்க வந்தபோது, இங்கே விலை கூட என்று யாரோ சொன்னதைக் கேட்டு, காற்றுப் பம்பி பூட்டிய வாளியில் நான்கு டசின் குஞ்சும் இரண்டு டப்பா மண்புழுவும் வாங்கி டிக்கிக்குள் வைத்துக்கொண்டு எல்லைப் பாலத்தடிக்கு வந்திருக்கிறார். உயிருள்ளது ஏதாவது இருக்கிறதா என்று அதிகாரி கேட்க, மச்சான் பெருமையாக "மீன்" என்றிருக்கிறார். காரை ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்று, வாளியைப் பறிகொடுத்து, கடைசியில் எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் புழுவைத் திறந்து பார்த்துவிட்டு, மண் இல்லை, கடதாசித் துகளில்தான் இருக்கிறது, கொண்டுபோ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். மச்சானுக்கு அது இன்றுவரை விளங்கவில்லை. "மீன் கூடாதாம், புழு சரியாம், இதென்ன சட்டம்" என்று ஒவ்வொரு கலியாண வீட்டிலும் சொல்லித் திரிகிறார்.

சட்டம் சரிதான், மச்சான்தான் கேட்கிறார் இல்லை. புழு வரலாம், ஆனால் அதோடு மண் வரக்கூடாது, ஏனென்றால் மண்ணுக்குள் என்ன பூச்சி முட்டை, என்ன பூஞ்சணம், என்ன விதை இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் கடையில் விற்கிற கடதாசிப் படுக்கையில் வந்தால் விடுகிறார்கள், வீட்டுத் தோட்டத்தில் தோண்டி மண்ணோடு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தால் விட மாட்டார்கள்.

புழு என்றதும் எனக்கு ஒரு பழைய கதை வருகிறது, இடம் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் வெட்டிவிடுங்கள். நான் 1989இல் ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் இரண்டு மாதம் புழு பொறுக்கினேன். இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். மழை பெய்த இரவில் வானில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு பெரிய புல்வெளியில் இறக்குவார்கள். தலையில் லைட், ஒரு காலில் கட்டிய டின்னில் மரத்தூள், மற்றக் காலில் கட்டிய டின்னில் புழு. கை வழுக்கினால் மரத்தூளில் தொட்டுக்கொண்டு, விடியும்வரை குனிந்த முதுகு நிமிராமல், ஆயிரம் புழுவுக்கு இவ்வளவு என்று கூலி. ஊரில் நாக்கிளிப்புழு என்று நாங்கள் காலால் தட்டிவிட்ட சாமான், இங்கே லொறி கணக்கில் அமெரிக்காவுக்குத் தூண்டில் இரையாகப் போய்க்கொண்டிருந்தது, இன்றும் போகிறது. ஆக எல்லை தாண்டுகிற இரை வியாபாரத்தில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு, கடவுச்சீட்டு இல்லாமல் நான் இங்கே காத்திருந்த காலத்தில் நான் பொறுக்கின புழு எத்தனை தடவை எல்லை தாண்டியிருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வரும்.

அந்தப் புழுவும் இந்த நாட்டுப் புழு இல்லை என்பது எனக்கு வெகு காலத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. பனியுகத்தில் இந்தப் பக்கம் முழுக்க ஐஸ் மூடிக் கிடந்ததில் ஒன்ராறியோவில் மண்புழுவே இல்லாமல் போயிருக்கிறது, இப்போது இருப்பதில் அநேகமானவை ஐரோப்பியர் வந்தபோது செடியோடும் மண்ணோடும் வந்தவை. தோட்டத்துக்கு நல்லதுதான். ஆனால் வடக்கே காட்டுக்குள் விட்டால், நிலத்தில் மெத்தை மாதிரிக் கிடக்கிற சருகையெல்லாம் தின்று தீர்த்துவிடும், அந்தச் சருகை நம்பி முளைக்கிற சின்னச் செடிகள் பிறகு முளைக்காது. அதனால் புழு மிஞ்சினாலும் காட்டுக்குள் எறியாமல் குப்பைக்குள் போடச் சொல்கிறார்கள். இதுவும் "பாவம், மண்ணில விடு" என்று நாங்கள் செய்கிற வேலைதான்.

சரி, மீனுக்கு வருகிறேன். ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? மீனைக் காட்டிலும் பெரிய பிரச்சினை அது நிற்கிற தண்ணீர்.

2005இல் ஒன்ராறியோ ஏரியின் குவின்ரி குடாவில் ட்ரம் என்ற மீன் கூட்டங்கூட்டமாகச் செத்து ஒதுங்கியது. பரிசோதித்தபோது வீ.எச்.எஸ். என்ற வைரஸ் என்று தெரிந்தது. மீனுக்கு உள்ளுறுப்புகளில் இரத்தம் கசிந்து சாக வைக்கிற நோய், மனிதருக்குத் தொற்றாது, அதனால் பிடித்த மீனைத் தின்னப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒரு வகை மீனோடு நிற்காது, பல வகைக்குப் பரவும், தண்ணீரிலும் நாள்கணக்கில் இருக்கும், குளிர்பெட்டியில் உறைய வைத்தாலும் சாகாது. அடுத்த வருசம் அக்டோபரில் அமெரிக்க விவசாயத் திணைக்களம், பேரேரிகளைச் சுற்றியுள்ள எட்டு மாநிலங்களிலிருந்தும் ஒன்ராறியோ, கியூபெக்கிலிருந்தும் இந்த நோய் பிடிக்கக்கூடிய உயிர் மீன்களைக் கொண்டுபோவதற்கு அவசர உத்தரவு போட்டுத் தடுத்தது. இதெல்லாம் பெரிய ஏரியில்தானே என்று நாங்கள் இருக்க, 2011இல் சிம்கோ ஏரியிலேயே அந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. எப்படி வந்தது என்று நான் சொல்ல முடியாது, என் வாளியில் வரவில்லை என்றும் என்னால் சத்தியம் பண்ண முடியாது. வேறெங்கோ பிடித்த குஞ்சை, அந்தத் தண்ணீரோடு, நான் எத்தனை தடவை அந்தத் துளைக்குள் ஊற்றியிருப்பேன்.

உளுவை மீன் கதையும் இதே மாதிரித்தான். எங்கள் ஊர்ப்பக்கம் தண்ணீருக்கடியில் கல்லோடு கல்லாகக் கிடக்குமே உளுவை, அதன் சொந்தக்காரன் ஒன்று இங்கே ரவுண்ட் கோபி என்ற பெயரில் இருக்கிறது. பிறந்த இடம் கருங்கடலும் கஸ்பியன் கடலும். கப்பல் பாரத்துக்கென்று அடியில் நிரப்பிக்கொண்டு வருகிற அடித்தண்ணீரில் வந்து 1990இல் சென் கிளேயர் ஆற்றில் முதல் தடவை அகப்பட்டது, பத்து வருசத்துக்குள் ஐந்து பேரேரியிலும் நின்றது. பாஸ் மீன் கூடு கட்டிக் காவல் இருக்கும், அதைத் தூண்டிலில் தூக்கின அடுத்த நிமிசமே இது போய் முட்டையைத் தின்னும். 2004இல் சிம்கோ ஏரியில் விழுகிற பெஃபர்லோ ஓடையில் இதைக் கண்டார்கள். அந்த ஓடைக்குக் கப்பல் வராது. யாரோ இரை வாளியில் கொண்டுவந்து ஊற்றியிருக்க வேண்டும் என்பதுதான் பலருடைய சந்தேகம். 2005இல் ஓடைக்கு ரோட்டனோன் போட்டு அழிக்கப் பார்த்தார்கள், ஊரில் குளத்துக்கு நஞ்சு கலந்து மீன் பிடிப்பார்களே, அது மாதிரி வேரிலிருந்து எடுக்கிற நஞ்சுதான், நல்ல மீன் கெட்ட மீன் என்று பார்க்காது. அத்தனையும் செய்து, பிறகு ஏரிக்குள்ளும் வந்துவிட்டது. இப்போது சிம்கோவில் தூண்டில் போடுகிற எவரைக் கேட்டாலும் கோபியைத் தெரியும். அதை உயிரோடு வைத்திருப்பதே குற்றம் என்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ தெரியாது.

அமெரிக்கப் பக்கத்துக் குஞ்சு ஏன் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அங்கே மிசிசிப்பி ஆற்றுப் பக்கம் பெருகிக் கிடக்கிற சில்வர் கார்ப், பிக்ஹெட் கார்ப் மீன்களின் குஞ்சைச் சாதாரண இரைக்குஞ்சிலிருந்து எங்களால் பிரித்துப் பார்க்க முடியாது. மச்சானின் நான்கு டசினில் இரண்டு அது இருந்திருந்தால்? எல்லையில் நிற்கிற அதிகாரி ஒவ்வொரு வாளியையும் ஒவ்வொரு குஞ்சாக எண்ணிக்கொண்டு நிற்க முடியுமா?

நாட்டு எல்லை, மாகாண எல்லை இருக்கட்டும், ஒன்ராறியோவுக்குள்ளேயே இப்போது எல்லை இருக்கிறது. எங்கள் ஆட்கள் அநேகமாக அகப்படுவது இங்கேதான். 2022 ஜனவரி 1 முதல் மாகாணத்தை இரை விஷயத்தில் வடமேற்கு, வடகிழக்கு, மத்தி, தெற்கு என்று நான்கு வலயமாகப் பிரித்திருக்கிறார்கள். மீன்குஞ்சையும் அட்டையையும் ஒரு வலயத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. உயிரோடு மட்டுமல்ல, செத்ததும் கூடாது. ரொறன்ரோக்காரருக்குச் சொந்த வலயம் தெற்கு. வேறு வலயத்தில் மீன் பிடிக்கப் போனால் அங்கேயே வாங்க வேண்டும், பற்றுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும், வாங்கின நாளிலிருந்து இரண்டு கிழமைக்குள் பாவித்து முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒழுங்காக அழித்துவிட வேண்டும். சொந்தமாகப் பொறி வைத்துக் குஞ்சு பிடிக்கிறதென்றாலும் சொந்த வலயத்துக்குள்தான்.

இது வந்த முதல் கோடையில் நாங்கள் நான்கு பேர் வடக்கே வேறு வலயத்திலுள்ள சட்பரிப் பக்கம் வெளிக்கிட்டோம். ஒருவர் விடியவே போய் இங்கேயுள்ள கடையொன்றில் குஞ்சு வாங்கிவந்துவிட்டார், கடைக்காரர் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. நான்கு ஐந்து மணித்தியால ஓட்டம், பம்பியின் பற்றரி வழியில் முடிந்து, போய்ச் சேரும்போது முக்கால்வாசி மிதக்குது. படகு இறக்குகிற இடத்தில் அதிகாரி ஒருவர் வந்து லைசென்ஸ் பார்த்தார், குளிர்பெட்டி பார்த்தார், வாளியைப் பார்த்துப் பற்றுச்சீட்டைக் கேட்டார். எங்கள் ஆள் சிரித்துக்கொண்டு, "அதெல்லாம் செத்துப்போச்சு சேர், இனி அது இரை இல்லை, சாப்பாடு" என்றார். அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. தண்டம் எழுதித் தந்தார். முதலில் எனக்கும் கோபம்தான், வீட்டுக்கு வந்து மாகாணத்தின் மீன்பிடிச் சட்டப் புத்தகத்தை எடுத்து வாசித்தபோதுதான் செத்த மீனும் சேர்த்தி என்று எழுதியிருந்தது தெரிந்தது. உறைய வைத்தாலும் வைரஸ் சாகாது என்ற பிறகு, பற்றரி முடிந்து செத்த மீனில் மட்டும் அது செத்திருக்குமா?

சொல்லப்போனால் அந்தப் புத்தகத்தில் இரைக்கென்று சில பக்கம்தான். ஒருவர் வாங்கினதும் பிடித்ததுமாகச் சேர்த்து 120 மீன்குஞ்சுக்கு மேல் வைத்திருக்க முடியாது, அட்டையும் 120தான். கிரேபிஷ் 36, அதுவும் பிடித்த ஏரியிலேயே பாவித்துவிட வேண்டும், கரையேற்றி வேறெங்கும் கொண்டுபோகக் கூடாது (அதைச் சிங்க இறால் மாதிரிக் கறி வைக்கலாம் என்று வாளி நிறையப் பிடிக்கிற நண்பர்கள் கவனிக்க). தங்கமீனை இரையாகப் போடக் கூடாது. அல்கொன்குயின் பூங்காவுக்குள் உயிர் மீன்குஞ்சு வைத்திருக்கவே கூடாது. மொன்றியல் சொந்தங்கள் வீட்டுக்குப் போகிறவர்கள், கியூபெக்கில் உயிர் மீனை இரையாகப் போடுவதே தடை என்பதை நினைவில் வையுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பேர்ட்டாவிலும் அதே கதைதான்.

இதை எழுதும்போது ஒரு நியாயமான கேள்வி வரும், எனக்கும் வந்தது. பெரிய ஏரிகளுக்குள் வந்த பெரிய பிரச்சினைகளை எல்லாம் கொண்டுவந்தது யார்? 1988இல் சென் கிளேயர் ஏரியில் கண்ட வரிக்குதிரை மட்டி, அதற்குப் பிறகு கோபி, இரண்டும் கப்பலில் வந்தவை. சென் லோரன்ஸ் கப்பற்பாதை திறந்தது 1959இல், கப்பல்கள் அடித்தண்ணீரை நடுக்கடலில் மாற்றிவிட்டுத்தான் வர வேண்டும் என்று கனடா கட்டாயச் சட்டம் போட்டது 2006இல். கப்பல்காரனுக்கு நாற்பத்தேழு வருசம் பொறுத்தவர்கள், இரண்டு டசின் குஞ்சு வைத்திருக்கிறவனைப் படகுத்துறையில் பிடிக்கிறார்களே என்று கோபப்படுவதில் பிழை இல்லை. நான் இன்றும் அந்தக் கோபத்தை விடவில்லை. ஆனால் கப்பல் பேரேரிகள் வரைக்கும்தான் கொண்டுவந்து விட்டது, அங்கிருந்து உள்நாட்டு ஏரிகளுக்குக் கொண்டுபோனதில் எங்கள் வாளிக்கும் படகுக்கும் பங்கு இருக்கிறது.

மிஞ்சினால் என்ன செய்வது? முதலாவது, குறைய வாங்குங்கள். இரண்டு டசின் தேவைப்படாத இடத்தில் விலை கழிவென்று நான்கு டசின் வாங்குகிற பழக்கம் எங்களுக்கு உண்டு. மிஞ்சினதைத் தண்ணீர்க்கரையிலிருந்து 30 மீற்றருக்கு உள்ளே எங்கேயும் கொட்டக்கூடாது, வாளித் தண்ணீரையும்தான். அதற்கு அப்பால் காய்ந்த நிலத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டு, மீனை ஐசில் போட்டால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், பையில் கட்டிக் குப்பைக்குப் போடலாம். நான் வீட்டுக்குக் கொண்டுவந்து தக்காளிப் பாத்தியில் ஆழமாகத் தாட்டுவேன். போன வருசம் ஆழம் போதாமல் ரக்கூன் தோண்டி எடுத்து, தக்காளிக் கன்றையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் போனது வேறு கதை. மனைவிக்கு முதலில் பெரிய மனவருத்தம்தான். "அப்ப ஏரிக்குள்ள இருக்கிற மீனெல்லாம் பாவம் இல்லையோ" என்று நான் கேட்டேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நீங்கள் மீன் பிடிக்கிறதை விடுங்கோ" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் அந்த இரண்டு வரிக்கும் திருத்தம் போடுங்கள், மூலையில் சின்ன எழுத்தில் போடாமல் அதே பக்கத்தில் போடுங்கள், ஏனென்றால் உங்கள் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு மீன்பிடிக்கப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள், எனக்கே இரண்டு பேர் அனுப்பி வைத்தார்கள். முடிந்தால் நான்கு வலயத்தின் வரைபடத்தையும் தமிழில் ஊர்ப்பெயரோடு போடுங்கள். மாகாண அரசின் மீன்பிடிச் சட்டப் புத்தகம் வருசாவருசம் வருகிறது, எங்கள் பெரியவர்கள் அந்த ஆங்கிலத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போகிறவர்கள் அவர்கள்தான். இரை விற்கிற தமிழ்க் கடைக்காரர்கள் யாராவது இதை வாசித்தால், காசு வாங்கும்போது "எங்கே போறீங்கள்" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், கேட்காவிட்டாலும் பற்றுச்சீட்டை மறக்காமல் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு பழைய தூண்டில்காரன்